பார்வையும் சாட்சியும்

1

போகாத ஊருக்கு வழி சொல்வது என்று நம்மிடம் ஒரு வழக்கு உண்டு. போன ஊருக்கு வழி சொல்வதில் உள்ள கஷ்டம் பற்றி வழக்கு எதுவும் இல்லை. போனவனுக்கு வழி தெரிந்திருக்கும் என்று சந்தேகமில்லாமல் நம்புகிறோம். இந்த நம்பிக்கை எனக்குச் சென்ற வருஷம் ஒரு காரியத்தில் ஆட்டம் கண்டது. காரியம் சின்னது, ஆபீஸ் சமாச்சாரம். அதிலிருந்து கிளம்பிய கேள்வி அவ்வளவு சின்னது என்று எனக்குப் படவில்லை.

நான் வங்கியில் குமாஸ்தா. எங்களுக்கு விடுப்புப் பயணச் சலுகை உண்டு; எல்.எஃப்.சி. என்போம். இத்தனை வருஷத்துக்கு ஒரு முறை எங்காவது போய்வரலாம். டிக்கெட்டைச் சேர்த்து பில் கொடுத்தால் பிரயாணச் செலவு திரும்பக் கிடைக்கும். கல்லூரி நண்பர்கள் மூவருடன் டிசம்பரில் டில்லிக்குப் போனேன். ஒருவன் கணக்கு வாத்தியார், ஒருவன் மருந்துக்கடை வைத்திருப்பவன், மற்றவன் மின்வாரியத்தில் இருக்கிறான். ஐந்து நாட்கள் சுற்றினோம்.

அதே தேதிகளில், அதே ஊருக்கு, என்னுடன் வேலை பார்க்கும் ஒருவரும் விடுப்பு எடுத்திருந்தார். அவர் போகவில்லை. அந்த நாட்களில் தாயாரின் கண் அறுவைசிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் இருந்தார். பணம் அதற்குத்தான் வேண்டியிருந்தது. டிக்கெட்டுகள் எப்படி வந்தன என்பது இங்கே வேண்டாம். நான் திரும்பிய வாரம் டீ குடிக்கும்போது என்னிடம் இரண்டு விஷயம் கேட்டார். யாராவது விசாரித்தால் சொல்வதற்கு, நான் பார்த்ததையெல்லாம் வரிசையாகச் சொல்ல வேண்டும். "அப்புறம் தம்பி, உங்க யார் முகமும் இல்லாத படமா ஒரு நாலு இருந்தா அனுப்புங்க."

சொன்னேன். ஐந்து நாள் டில்லி பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. படங்களைத் தேடியபோது முகம் இல்லாதவை நாலல்ல, நாற்பது இருந்தன. எந்தப் படத்தை யார் எடுத்தார்கள் என்று எனக்கே தெரியவில்லை. நாலை அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து, சாப்பாட்டு அறையில் அவர் குதுப் மினார் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். காலைப் பனியில் கோபுரத்தின் மேற்பாதி தெரியாமல் இருந்ததையும், டிக்கெட் எடுக்கையில் விரல்கள் மரத்துப்போனதையும் சொன்னார். விரல் மரத்தது நான் சொல்லாத விஷயம். ஆனால் நிஜமாகவே மரத்துத்தான் போயிற்று, நான் மறந்திருந்தேன். என் பிரயாணத்தை என்னைவிட அவர் நன்றாகப் போய்வந்திருந்தார்.

அடுத்த வாரம் அதிகாரி என்னைக் கூப்பிட்டார். மேஜையில் இரண்டு பில்களும் இருந்தன. "நீங்களும் அப்ப டில்லியிலதானே இருந்தீங்க? இவரை அங்க பாத்தீங்களா?"

"பெரிய ஊர் சார்" என்றேன்.

அதிகாரி சிரித்தார். இரண்டு பில்களிலும் கையெழுத்துப் போட்டார்.

'பெரிய ஊர்' பொய்யல்ல. டில்லி பெரிய ஊர்தான். என் ஐந்து நாள் அனுபவத்தின் சாரமாக நான் உச்சரித்த ஒரே வாக்கியமும் அதுதான். அந்த வாக்கியத்தைச் சொல்ல டில்லிக்குப் போயிருக்க வேண்டியதில்லை. அப்படியானால் எங்கள் இரண்டு பில்களுக்கும் என்ன வித்தியாசம்? சட்டப்படி உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். நான் கேட்பது வேறு. பார்த்தேன் என்று ஒருவன் எப்போது சொல்லலாம்?

2

பிரத்யட்சம் என்பது லேசான காரியமல்ல என்று நம்முடைய தர்க்கவாதிகள் அறிந்திருந்தார்கள். மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் பௌத்த அளவைகள் பேசப்படுகின்றன. காட்சியும் அனுமானமும் என்று இரண்டே அளவைகள். இதில் காட்சி என்பது பெயர், சாதி, குணம், கிரியை ஆகியவை ஏறுவதற்கு முன் புலனில் படுகிற வெறும் உணர்வு. அதாவது 'இது இன்னது' என்று சொல்லிவிட்ட கணத்திலேயே காட்சி முடிந்து கற்பனை தொடங்கிவிடுகிறது. திக்நாகர் வழி வந்த இந்தக் கருத்தைப் பரீட்சை மாணவனாக ஒருகாலத்தில் படித்திருக்கிறேன். அது உல்லாசப் பிரயாணியைப் பற்றிய கருத்து என்று டில்லியில்தான் தெரிந்தது.

நாங்கள் பார்த்தவை பெயர்கள். வாத்தியார் நண்பன் போனில் ஒரு பட்டியல் வைத்திருந்தான். பெயர் முதலில் வரும், இடம் பின்னால் வரும். இடம் பெயரோடு ஒத்துப்போகிறது என்று உறுதியானதும் அடுத்த பெயருக்குப் போவோம். வங்கியில் இதற்குச் சரிபார்த்தல் என்று பெயர். செக்கில் உள்ள கையெழுத்தும் எங்களிடம் உள்ள மாதிரிக் கையெழுத்தும் ஒத்துப்போனால் போதும். எழுதியவனைப் பார்க்க வேண்டியதில்லை.

குதுப் வளாகத்தில் ஓர் இரும்புத் தூண் நிற்கிறது. உயரம் 7 மீட்டருக்குச் சற்று மேல், எடை 6 டன்னுக்கும் அதிகம். சந்திரன் என்ற அரசனின் வெற்றியைச் சொல்லும் கல்வெட்டு உள்ளது. இரண்டாம் சந்திரகுப்தன் என்று பெரும்பாலோர் கொள்கிறார்கள். இரும்பில் பாஸ்பரஸ் அதிகமாக இருப்பதால் மேலே ஒரு படலம் உருவாகி, துரு உள்ளே போகாமல் தடுக்கிறது. முதுகைத் தூணில் சாய்த்து, கைகளைப் பின்னால் வளைத்து, விரல்களைக் கோக்க முடிந்தவனுக்கு அதிர்ஷ்டம் என்று ஒரு நம்பிக்கை. ஜனங்கள் அணைத்து அணைத்து, மழையும் வெயிலும் செய்யாததைச் செய்யத் தொடங்கியதால் 1997இல் சுற்றிலும் வேலி போட்டார்கள். அந்த அணைப்பில் ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. தூணுக்கு முதுகைக் காட்டித்தான் அணைக்க வேண்டும். பார்க்காமல் இருப்பதுதான் அதிர்ஷ்டத்தின் நிபந்தனை.

மினாருக்குள் ஏற இப்போது யாரையும் விடுவதில்லை. 1981 டிசம்பர் 4 அன்று உள்ளே விளக்கு அணைந்து, குறுகிய சுழல் படிகளில் நெரிசல் ஏற்பட்டு 45 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பள்ளிக்கூடத்திலிருந்து சுற்றிப் பார்க்க அழைத்து வரப்பட்ட குழந்தைகள். இதை நான் போகும் முன்பே படித்திருந்தேன். கதவுக்கு எதிரில் நின்றபோது சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. வாத்தியார் மனம் சங்கடப்படும் என்று காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், படம் எடுக்க நல்ல வெளிச்சம் வந்திருந்தது.

ஆக, பெயர் தெரியாமல் பார்த்தால் கல்தான் தெரிகிறது. பெயர் தெரிந்து பார்த்தால் பெயர்தான் தெரிகிறது. 45 பேர் இரண்டுக்கும் நடுவில் எங்கோ போய்விடுகிறார்கள். பௌத்தர்களின் சுத்தமான காட்சி அறிவுக்குப் போதுமானதாக இருக்கலாம். தார்மீகத்துக்கு அது போதாது. ஒரு மூடிய கதவின் முன்னால் வெறும் புலனுணர்வோடு நிற்பவன் மாடு நிற்பதுபோல நிற்கிறான்.

3

நண்பர்களோடு போனதால்தான் இப்படி ஆயிற்று, தனியாகப் போயிருந்தால் பார்த்திருப்பேன் என்று முதலில் தோன்றியது. நம்முடைய சிறுபத்திரிகை மரபில் தனிமைக்கு இருக்கும் மவுசு இதற்குத் துணை செய்யும். தனியாக நடக்கிறவன் பார்க்கிறான், கூட்டமாக நடக்கிறவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள் என்று நாம் ஒரு நூறு கவிதைகளில் சொல்லிவிட்டோம். ஆதவனின் 'காகித மலர்கள்' வழியாகத்தான் டில்லி எனக்கு முதலில் அறிமுகம். கூட்டத்தில் ஒருவன் எப்படித் தன் வேஷத்தைத் தானே கவனித்தபடி இருக்கிறான் என்பதை அவரைப்போல எழுதியவர் குறைவு. அந்த ஞாபகத்தோடு நண்பர்கள் நடுவே நடந்ததால், அவர்கள் பார்க்கவிடாமல் செய்கிறார்கள் என்று எரிச்சல்பட எனக்கு வசதியாக இருந்தது.

நண்பர்கள் ஒரு குடை மாதிரி. வெளியூரில் ஒருவர் தலைக்கு மேல் ஒருவர் விரிந்துகொள்கிறோம். நாலு பேர் தமிழில் பேசிக்கொண்டு சாந்தினி சௌக்கில் நடந்தால், நடப்பது சாந்தினி சௌக்கில் அல்ல, திருவாரூர்க் கடைத்தெருவில்தான். பார்க்கிற எதையும் ஒரு கேலியாக மாற்றி உடனே செலவழித்துவிடுகிறோம். மௌனம் வந்தால் யாராவது ஒருவன் அதை நிரப்ப வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் சரிதான். ஆனால் நிரபராதியாக என்னைக் காட்டிக்கொள்ள இது உதவாது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தீஸ் ஜனவரி மார்க்கில், காந்தி தம் கடைசி 144 நாட்களைக் கழித்த வீட்டில், அறையிலிருந்து பிரார்த்தனை மைதானம் வரை அவர் நடந்த தடத்தைக் காலடிகளாக வார்த்து வைத்திருக்கிறார்கள். 1948 ஜனவரி 30 மாலை அந்த நடை முடிந்த இடத்தில் காலடிகளும் நின்றுவிடுகின்றன. மூன்று நாளாக எங்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்த மருந்துக்கடை நண்பன் அங்கே காலடிகளுக்குப் பக்கத்தில் மெதுவாக நடந்தான். முடிவில் நின்று, "பிரார்த்தனைக்கு லேட்டுடா அன்னிக்கு அவர்" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. படமும் எடுக்கவில்லை. நான் அந்தக் காலடிகளைப் பற்றி மனத்துக்குள் ஒரு வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன். தனியாக இருந்தவன் நான்தான், பார்த்தவன் அவன்.

பிழை கூட்டத்தில் இல்லை. தனிமையும் ஒரு குடைதான்.

4

வியாழக்கிழமை மத்தியானம் பிரோஸ் ஷா கோட்லாவுக்குப் போனோம். பட்டியலில் அது இல்லை. பக்கத்திலுள்ள கிரிக்கெட் மைதானத்தைப் பார்க்க மின்வாரிய நண்பன் ஆசைப்பட்டான். மைதானம் மூடியிருந்ததால் இடிபாடுகளுக்குள் நுழைந்தோம்.

அங்கே, படிப்படியாக உயரும் ஒரு கட்டடத்தின் உச்சியில் அசோகர் தூண் இருக்கிறது. ஒரே கல், சுமார் 13 மீட்டர். பதினான்காம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் அதைத் தோப்ரா என்ற கிராமத்திலிருந்து கொண்டுவந்தார். இலவம் பஞ்சு மெத்தைகளின் மேல் சாய்த்து, நாணலும் தோலும் சுற்றி, 42 சக்கரமுள்ள வண்டியில் ஏற்றி, யமுனையில் படகுகளில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்ததாக அக்கால வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். இவ்வளவு பாடுபட்டவருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. பண்டிதர்களை வரவழைத்துக் கேட்டும் வாசிக்க முடியவில்லை. பிறகு 1610களில் வந்த தாமஸ் கோர்யட் என்ற ஆங்கிலேயர் இது அலெக்சாந்தர் நட்டது, எழுத்து கிரேக்கம் என்று முடிவு கட்டினார். 1837இல்தான் ஜேம்ஸ் பிரின்ஸெப் பிராமி எழுத்தை வாசித்தார். அரசன் வழியோரங்களில் நிழலுக்கு ஆலமரம் வைத்ததையும், கிணறு வெட்டியதையும், ஆட்களும் கால்நடைகளும் இளைப்பாற வேண்டும் என்று நினைத்ததையும் தூண் சொல்கிறது. சாம்ராஜ்யத்தின் வெற்றித்தூண் என்று தூக்கி வந்தது வழிப்போக்கர்களைப் பற்றிய கவலை.

இதை வைத்து, பார்ப்பதற்கும் வாசிப்பதற்கும் உள்ள தூரம் என்று ஒரு கட்டுரை எழுதிவிடலாம். தூணைப் பார்த்தபடி அதைத்தான் யோசித்தேன். அப்போது கீழேயிருந்து ஊதுவத்திப் புகை வந்தது.

கட்டடத்தின் அடிப்பகுதியில் இருட்டான அறைகள். வியாழக்கிழமைகளில் ஜனங்கள் வந்து அங்கே இருக்கும் ஜின்களுக்கு மனு கொடுக்கிறார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, எல்லோரும் வருகிறார்கள். ஆனந்த் விவேக் தனேஜா இவர்களைப் பற்றி 2017இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். பெருவாரியாக மனுக்களோடு வரும் வழக்கத்துக்கு 1977லிருந்துதான் தடயம் கிடைக்கிறது என்கிறார் அவர். நெருக்கடி நிலையின்போது பழைய டில்லியில் வீடுகள் இடிக்கப்பட்டு, 1976 ஏப்ரலில் துர்க்மான் கேட்டில் துப்பாக்கிச்சூடு நடந்து, ஜனங்கள் ஊருக்கு வெளியே குடியேற்றப்பட்டதற்கு அடுத்த வருஷம் அது. சர்க்கார் கேட்காதபோது ஜின்கள் கேட்கத் தொடங்கினார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

ஒரு வயதான பெண்மணி பிளாஸ்டிக் கவரிலிருந்து தாள்களை எடுத்து ஒவ்வொரு மாடத்திலும் ஒன்றாக வைத்துக்கொண்டு வந்தாள். எல்லாம் ஒரே மனுவின் ஜெராக்ஸ் பிரதிகள். மேலே வலது மூலையில் பாஸ்போர்ட் அளவு புகைப்படம், கீழே முழு விலாசம். மனு எழுதுகிற முறை எனக்குப் பழக்கமானது. கவுண்டரில் தினமும் வாங்குகிறேன். எந்த மேஜைக்குப் போய்ச் சேரும் என்று தெரியாதபோது எல்லா மேஜைக்கும் ஒரு பிரதி. நான் அந்த விலாசத்தைப் படிக்க முயன்றதை அவள் பார்த்துவிட்டாள். கோபப்படவில்லை. நான் ஒரு வேளை சம்பந்தப்பட்ட அதிகாரியோ என்பதுபோல ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு அடுத்த மாடத்துக்குப் போனாள்.

நாங்கள் போன ஐந்து நாளில் எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. டிக்கெட் கேட்டார்கள், காசு கேட்டார்கள். எங்களையே ஒன்றும் கேட்கவில்லை. விடுமுறை என்பதே இதுதான் என்று தோன்றுகிறது: நாம் எல்லாவற்றையும் பார்க்கலாம், நம்மை எதுவும் பார்க்காது. அந்தப் பெண்மணி கோட்லாவைப் பார்க்க வரவில்லை. தன் படத்தோடும் விலாசத்தோடும், பார்க்கப்படுவதற்காக வந்திருந்தாள். தூணை அவள் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. அந்த இடத்தில் இருந்தவர்களில் அவள்தான் இருந்தாள் என்று சொன்னால் மிகையில்லை.

5

இங்கே சாட்சி என்ற வார்த்தைக்கு வருகிறேன். வடமொழியில் அது கண்ணோடு கூடியிருத்தல் என்ற பொருளிலிருந்து வருவது. ஆனால் கண்ணால் பார்த்தவன் எல்லாம் சாட்சி அல்ல. பார்த்தவனைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்ட பிறகுதான் அவன் சாட்சி ஆகிறான். தான் பார்த்தது போய்த் தன்னைப் பிறர் பார்க்கும் இடத்தில் அவன் நிற்கிறான். அவனுடைய விலாசம் பதிவாகிறது. எதிர்க்கட்சி வக்கீல் அவன் நடத்தையைக் கிண்டுகிறார். பார்வை இலவசம்; சாட்சிக்குச் செலவு உண்டு.

கடைசி நாள் இரண்டு குருத்வாராக்களுக்குப் போனோம். சாந்தினி சௌக்கில் இருப்பது சீஸ் கஞ்ச். 1675 நவம்பரில் ஔரங்கசீப் ஆட்சியில் குரு தேஜ் பகதூர் தலை வெட்டப்பட்ட இடம். கடைத்தெருவின் நடுவில் நடந்ததால் பார்த்தவர்கள் ஏராளமாக இருந்திருப்பார்கள். உடலை எடுக்க யாரும் துணியாத நிலையில் இரண்டு பேர் துணிந்தார்கள் என்று சீக்கிய மரபு சொல்கிறது. ஜைதா என்பவர் தலையை எடுத்துக்கொண்டு ஆனந்தபூருக்குப் போனார். லக்கி ஷா வஞ்சாரா என்ற வியாபாரி உடலைத் தம் சரக்கு வண்டியில் மறைத்து ஊருக்கு வெளியிலிருந்த வீட்டுக்குக் கொண்டுபோனார். வெளிப்படையாகச் சிதை மூட்ட முடியாது. ஆகவே உடலை உள்ளே வைத்துத் தம் வீட்டுக்கே தீ வைத்தார். வீடு எரிந்த இடம்தான் ரகாப் கஞ்ச் குருத்வாரா. பாராளுமன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

பழந்தமிழில் சாட்சிக்குக் 'கரி' என்று பெயர். எரிந்து மிஞ்சுவதற்கும் அதுவே பெயர். இரண்டும் வேறு வேறு சொற்களாக இருக்கலாம்; இலக்கணக்காரர்கள் என்னைத் திருத்தட்டும். ஆனால் அன்று சீஸ் கஞ்ச் தெருவில் நின்று பார்த்த கூட்டத்தையும் இந்த வியாபாரியையும் பிரிப்பது எது என்று கேட்டால், அந்த ஒரு சொல்லில் பதில் இருப்பதாக எனக்குப் படுகிறது.

ரகாப் கஞ்ச் வளாகத்தில் 2017இல் திறக்கப்பட்ட ஒரு நினைவுச் சுவர் இருக்கிறது. சத்தியச் சுவர் என்று பெயர். 1984 நவம்பரில் கொல்லப்பட்ட சீக்கியர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. இந்தக் குருத்வாராவே அப்போது தாக்கப்பட்டது. டில்லியில் மட்டும் இறந்தவர்கள் 2,733 பேர் என்பது சர்க்கார் கணக்கு. நாங்கள் யாரும் அப்போது பிறக்கவில்லை. குதுப்பில் பெயரைச் சரிபார்த்ததுபோல இங்கே செய்ய முடியவில்லை, ஏனென்றால் சரிபார்க்க எங்களிடம் மாதிரி எதுவும் இல்லை. மின்வாரிய நண்பன்தான் கேட்டான்: "இவ்வளவு பேரையும் யாரோ பாத்துக்கிட்டுத்தானே இருந்திருப்பாங்க? எத்தனை பேர் சொன்னாங்க?"

ஐந்து நாளில் எங்கள் நால்வரிடமிருந்தும் வந்த ஒரே கேள்வி அது.

அதற்கு ஒரு பாதிப் பதில் இருக்கிறது. பாலம் பகுதி ராஜ் நகரில் கணவரையும் மகனையும் பறிகொடுத்த ஜகதீஷ் கௌர் என்ற பெண்மணி தாம் பார்த்ததைச் சொன்னார். விசாரணைக் கமிஷன்களிலும் கோர்ட்டிலும் சொன்னார். 2013இல் கீழ்க்கோர்ட் முன்னாள் எம்.பி. சஜ்ஜன் குமாரை விடுதலை செய்தது. 2018 டிசம்பரில் டில்லி உயர்நீதிமன்றம் அதை மாற்றி ஆயுள் தண்டனை விதித்தது. நடுவில் 34 வருஷம். அந்த வழக்கில் சாட்சி சொன்னவர்கள் தயங்காமல் நின்றதைத் தீர்ப்பே குறிப்பிட்டது. அந்த 34 வருஷத்தில் எந்தக் கணத்திலும் அவர் 'பெரிய ஊர்' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். சொல்லியிருந்தால் யாரும் குறை கூறியிருக்க முடியாது. பெரிய ஊர்தான், பெரிய கூட்டம்தான், முகம் தெரியவில்லை என்பது எப்போதும் நம்பத் தகுந்த பதில்தான்.

6

இதற்கு ஒரு ஆட்சேபம் எழும், எழ வேண்டும். லக்கி ஷாவையும் ஜகதீஷ் கௌரையும் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, விடுமுறைக்குப் போன நாலு பேரை அவர்களோடு ஒப்பிடுவது அபத்தம். எல்லோரும் வீட்டைக் கொளுத்த முடியாது. பார்த்த ஒவ்வொன்றுக்கும் சாட்சி சொல்லக் கிளம்பினால் வாழ முடியாது. வேடிக்கை பார்ப்பதும் மனித சுதந்திரத்தில் ஒன்று. கணக்கு வாத்தியார் வருஷம் முழுவதும் நாற்பது பையன்களுக்குப் பொறுப்பாக இருந்துவிட்டு ஐந்து நாள் எதற்கும் பொறுப்பில்லாமல் இருக்க விரும்பினால் அதில் பாவம் எங்கே வந்தது?

ஆட்சேபம் நியாயமானது. நான் வேடிக்கையைக் குற்றம் சொல்லவில்லை. வேடிக்கைக்கு அனுபவம் என்று பில் போடுவதைத்தான் சொல்கிறேன். இந்த இடத்தில் ஆபீஸ் நண்பரைவிட, இந்தப் பத்திரிகையை வாசிக்கிற நாம் அதிகம் சம்பந்தப்பட்டவர்கள். முகம் இல்லாத படங்களை வாங்கிக்கொண்டு, நம் விரல் மரத்ததாகச் சேர்த்து எழுதுவது நமக்குத் தொழில். எந்தக் கலவரமானாலும், எந்த ஊர் எரிந்தாலும், மூன்றாவது இதழில் அதைப் பற்றிய துக்கம் வந்துவிடுகிறது. துக்கம் பொய் என்று சொல்லவில்லை. செலவு எங்கே என்று கேட்கிறேன்.

குற்றவுணர்வும் இதற்கு விலக்கல்ல. காம்யுவின் 'வீழ்ச்சி' (1956) நாவலில் கிளமான்ஸ் என்ற வக்கீல், ஆற்றில் ஒரு பெண் விழுந்த சத்தத்தைக் கேட்டும் திரும்பிப் பார்க்காமல் போகிறான். பிறகு வாழ்நாள் முழுக்க அதைப் பற்றி அழகாகப் பேசுகிறான். பேச்சு வளர வளரக் கேட்பவனும் குற்றவாளி ஆகிறான். ஆற்றில் விழுந்தவள் ஆற்றிலேயே இருக்கிறாள். நம்முடைய சுயவிசாரணை இலக்கியத்தில் பெரும்பகுதி இந்த ரகம் என்பது என் அபிப்பிராயம். இந்தக் கட்டுரையும் அதில் சேர்ந்துவிடலாம் என்ற பயம் எனக்கு இருக்கிறது.

போய்ப் பார்ப்பதே தீர்வு என்றும் சொல்ல முடியாது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அதை வைத்து 'குருதிப்புனல்' எழுதிய இந்திரா பார்த்தசாரதி அப்போது டில்லியில் பேராசிரியர். அந்த நாவல் மீது நமக்குள் எவ்வளவோ சண்டை நடந்திருக்கிறது. அவர் எடுத்துக்கொண்ட மனோவியல் காரணம் அந்தக் கொலையின் வர்க்க, சாதிக் காரணங்களை மறைத்துவிட்டது என்ற குற்றச்சாட்டில் எனக்கும் உடன்பாடு உண்டு. ஆனால் அந்தச் சண்டையில் அவர் பெயரும் விலாசமும் கூண்டில் இருந்தன. கேள்வி கேட்க ஆள் இருந்தது, பதில் சொல்ல ஆள் இருந்தது. டில்லியில் உட்கார்ந்திருந்தவர் வெண்மணிக்காகக் குறுக்கு விசாரணைக்கு உட்பட்டார். நான் திருவாரூர்க்காரன். வெண்மணி எனக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட இல்லை. 2,000 கிலோமீட்டருக்கும் மேல் ரயிலில் போய் டில்லியில் ஒரு சுவரின் முன்னால் நின்று தலை குனிந்த எனக்கு, வெண்மணி நினைவிடத்துக்கு இதுவரை போகத் தோன்றவில்லை. அங்கே போனால் செலவைத் திருப்பித் தர யாரும் இல்லை என்பது காரணம் அல்ல. அங்கே யாராவது என்னை, நீ எந்தத் தெரு என்று கேட்பார்கள்.

ஆக என் முடிவு இவ்வளவுதான். போனதும் போகாததும் அளவுகோல் அல்ல. தனியாகப் பார்த்ததும் நண்பர்களோடு பார்த்ததும் அளவுகோல் அல்ல. 'நீ பார்த்தாயா?' என்று ஒருவர் கேட்கும்போது, அந்தக் கேள்வி நம்மையும் பார்ப்பதற்கு எவ்வளவு இடம் கொடுக்கிறோம் என்பதே அளவு. திரும்பக் கிடைக்கிற செலவு எதுவும் பார்வையின் விலையில் சேராது.

7

அதிகாரியின் மேஜைக்குத் திரும்புகிறேன். நண்பரைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு தாயாரின் கண் இருக்கும் இடத்தில் நான் விதிமுறைகளின் வக்கீலாக நிற்கத் தயாரில்லை. எங்கள் இருவரில் அந்த டிசம்பரில் பார்வை என்ற ஒன்றுக்காக எதையாவது செய்தவர் அவர்தான் என்பதையும் மறுக்க முடியாது. அவருடைய பொய்க்கு ஒரு விலை இருந்தது. மாட்டியிருந்தால் வேலைக்கே ஆபத்து. என் உண்மைக்கு எந்த விலையும் இல்லை.

ஆனால் நான் சொல்லியிருக்கக் கூடிய ஒரு வாக்கியம் இருந்தது. 'அந்தப் படங்கள் என்னுடையவை; நான்தான் கொடுத்தேன்.' அது எனக்கு நேரடியாகத் தெரிந்த ஒரே விஷயம். அவரைப் பற்றி அல்லாமல் என்னைப் பற்றி நான் சொல்லியிருக்கக் கூடிய சாட்சியம். அதைச் சொல்லியிருந்தால் அவரும் அகப்பட்டிருப்பார் என்பது உண்மை. அவரைக் காப்பாற்றத்தான் சொல்லவில்லை என்று இத்தனை நாளாக எனக்கு நானே கணக்கு எழுதி வந்திருக்கிறேன். எழுதிய கணக்கை இப்போது திரும்பப் பார்க்கும்போது, 'பெரிய ஊர் சார்' என்று சொன்ன கணத்தில் அவர் ஞாபகமே எனக்கு வரவில்லை என்பது தெரிகிறது. மேஜையில் மேலாக இருந்தது என் பில். அது பாஸாக வேண்டும் என்றுதான் இருந்தது.

இப்படி ஒரு கட்டுரை எழுதப்போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். தாயாருக்கு இப்போது நன்றாகத் தெரிகிறதாம், பேப்பர் படிக்கிறார்களாம். "தாராளமா எழுதுங்க தம்பி" என்றார். "பேர் மட்டும் போட்டுடாதீங்க."

போடவில்லை.